மூளையின் இரு பாகங்களும் நம்முடைய பொறுப்பும்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு வந்து சேரும் நெடுஞ்சாலையில், பொழுது புலரும் முன்பே கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்பதையும், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக இளைஞர்களும் இளம்பெண்களும் நைட் ஷிஃப்டு முடிந்து இறங்குவதையும், அவர்கள் இறங்கிய பஸ்ஸிலேயே காலை ஷிஃப்டுக்காரர்கள் ஏறிக்கொள்வதையும் காண்பவருக்கு, நாட்டின் யௌவனம் முழுவதும் இந்தப் பாலாற்றங்கரைச் சீமையில் வந்து திரண்டுவிட்டதோ என்று தோன்றும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் சுங்குவார்சத்திரத்திலும் கார்களையும் லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் செல்போன்களையும் உருவாக்கும் கரங்களில் மிகப் பல, இருபது வயதைச் சுற்றியவை. பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு, வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்களுடையவை. வைத்திய சாஸ்திரத்தில் ஸ்கிசோஃப்ரீனியா என்றும், தமிழில் மனச்சிதைவு என்றும் குறிப்பிடப்படும் கொடிய உபாதையும், ஆண்களிடத்தில் பதின்பருவத்தின் முடிவிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள்ளும், பெண்களிடத்தில் அதற்குச் சற்றுப் பிந்தியுமே பெரும்பாலும் தலைகாட்டுகிறது. கம்பெனிகள் எந்த வயதை விரும்பி அழைக்கின்றனவோ அந்த வயதையே இந்நோயும் தேடி வருகிறது என்ற உண்மையைக் குறித்து, இந்தத் தொழில் வளாகத்தால் வாழ்வு பெற்ற நாம் எல்லோரும் இதுவரை சிந்தித்ததைக் காட்டிலும் ஆழமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நோய் அரிதானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 2.4 கோடிப் பேர், அதாவது ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனச்சிதைவு முதலிய கடும் மனநோய்களுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தக்க சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர் என்று அறிவித்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்து அவலம் அன்று இது. 1952ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் என்னும் முதல் மருந்து இந்நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு நற்பலன் கண்டாகிவிட்டது. மருந்து இருந்தும் மருந்தும் மனிதனும் சந்திக்காத அவலம் இது.

நோய் எவ்வாறு தொடங்குகிறது என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். ஹாஸ்டல் அறையொன்றில் நண்பர்கள் பலரோடு தங்கி, அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். முதலில் அவன் தூக்கத்தை இழக்கிறான். ஷிஃப்டு மாறி மாறி வருவதால் நேர்ந்தது என்று அவனும் சரி, அறை நண்பர்களும் சரி, அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. பிறகு மெஸ்ஸில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை விடுகிறான். பக்கத்து வரிசையில் தனக்குத் தெரியாத மொழியில் பேசிச் சிரிப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசிச் சிரிக்கிறார்கள் என்று நம்பத் தலைப்படுகிறான். சூப்பர்வைசரின் பார்வையிலும் அடுத்தவர் செல்போன் மணியிலும் தனக்கு மட்டுமே விளங்கும் சங்கேதங்களைக் காண்கிறான். பின்னர் ஒரு நாள், அருகில் எவரும் இல்லாத வேளையில், காதோரம் ஒரு குரல் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அதற்கு அவன் பதில் சொல்ல, ‘தனியா பேசறான்’ என்ற செய்தி அன்று மாலைக்குள் ஹாஸ்டல் முழுவதும் பரவுகிறது. வார்டன் வீட்டுக்கு போன் செய்கிறார். தகப்பனார் வந்து பெட்டி படுக்கையோடு மகனை அழைத்துப் போகிறார். கம்பெனிப் பதிவேட்டில் ‘சொல்லாமல் நின்றுவிட்டான்’ என்பதோடு அவன் கதை முடிந்து போகிறது. ஊரிலோ, காத்து கருப்பு அடித்துவிட்டது என்பாரும், செய்வினை வைத்துவிட்டார்கள் என்பாரும், காதல் தோல்வி என்பாருமாக ஆளுக்கொரு காரணம் சொல்ல, மாதங்கள் கழிகின்றன. சில வேளை ஆண்டுகளே கழிகின்றன.

இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள், மூளையின் இரு பாகங்களுக்கிடையே உள்ள வேற்றுமையை ஆராயப் புகுந்த வரலாறு, பொதுமக்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியதொன்று. அதை அறிந்தால் நோயைப் பற்றிய மூட நம்பிக்கைகளில் பாதி தாமே விலகும். விஞ்ஞானத்தின் பெயரால் பரவும் மூட நம்பிக்கைகளும் சில விலகும்.

மனித மூளை இடம் வலம் என இரு பாகங்களாக அமைந்து, சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட ஒரு கற்றையால் நடுவே இணைக்கப்பட்டிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், தொழிலில் அவை ஒன்றல்ல என்பதை 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ரண வைத்தியர் பால் ப்ரோக்கா உலகுக்குக் காட்டத் தொடங்கினார். பேச்சிழந்து, எதைக் கேட்டாலும் ஒரே ஓர் அசையையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பரிசோதித்த ப்ரோக்கா, இடப்பாகத்தின் முன்பகுதியில் சிதைவு இருக்கக் கண்டார். அதுபோன்ற நோயாளிகள் பலரைக் கண்டபின், மனிதன் பேசுவது இடப்பாகத்தைக் கொண்டே என்று 1865ஆம் ஆண்டில் துணிந்து உரைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1968இல், அமெரிக்காவில் கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி என்னும் இருவர் 100 மூளைகளை அளந்து, பேச்சொலியைப் பகுத்தறியும் பரப்பு 65 மூளைகளில் இடப்புறம் பெரிதாகவும், 11 மூளைகளில் மட்டுமே வலப்புறம் பெரிதாகவும் இருப்பதை நிரூபித்தனர். இரு பாகங்களையும் இணைக்கும் கற்றை துண்டிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்து, ஒவ்வொரு பாகமும் தனித்தனியே அறியவும் உணரவும் வல்லது என்று காட்டிய ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. சொல்லும் இலக்கணமும் பெரும்பாலும் இடப்பாகத்தின் பொறுப்பு என்பதும், குரலின் ஏற்ற இறக்கத்தையும் அதில் தோயும் கோபதாபங்களையும் உணர்வதில் வலப்பாகத்துக்குச் சிறந்த பங்கு உண்டு என்பதும் இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை.

மனச்சிதைவு நோய்க்கும் இந்த இட வல வேற்றுமைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற ஐயம், 1969ஆம் ஆண்டில் பியர் ஃப்ளோர்-ஹென்றி என்னும் மனநல வைத்தியரின் ஆராய்ச்சியால் வலுப்பெற்றது. காதையொட்டிய மூளைப் பகுதியில் வலிப்பு தோன்றும் நோயாளிகளில், வலிப்பின் மூலம் இடப்பாகத்தில் இருந்தவர்களுக்கு மனச்சிதைவை ஒத்த பிதற்றலும் பிரமையும், வலப்பாகத்தில் இருந்தவர்களுக்கு உணர்ச்சிக் கோளாறும் அதிகமாக நேர்வதாக அவர் கண்டார். பின்னர் இங்கிலாந்தின் டிம் குரோ, மனித இனம் மொழியைப் பெறும்பொருட்டு மூளையில் இட வல வேற்றுமையை வளர்த்துக்கொண்டதென்றும், அவ்வேற்றுமை சரிவர உருவாகாத இடத்தில் மனச்சிதைவு தோன்றுகிறதென்றும், மொழி என்னும் பெரும்பேற்றுக்கு மனித குலம் செலுத்தும் விலையே இந்நோய் என்றும் ஒரு சித்தாந்தம் வகுத்தார். அவருடைய சித்தாந்தம் முழுமையாக நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் அது தூண்டிய ஆராய்ச்சிகள் பல.

இத்துறை ஆராய்ச்சிகளில் ஒன்றின் செய்முறை எவரும் புரிந்துகொள்ளத் தக்க எளிமை வாய்ந்தது. சோதனைக்கு உட்படுபவரின் காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒரே கணத்தில் இடக்காதில் ‘பா’ என்றும் வலக்காதில் ‘தா’ என்றும் ஒலிக்கச் செய்து, என்ன கேட்டது என்று வினவுகிறார்கள். வலக்காதில் விழும் ஒலி முதன்மையாக மூளையின் இடப்பாகத்தைச் சென்றடைவதாலும், மொழியின் இருப்பிடம் அதுவே ஆதலாலும், பெரும்பாலோர் ‘தா’ என்றே விடை சொல்கின்றனர். மனச்சிதைவு நோயாளிகளிடத்தில், அதிலும் விசேஷமாகக் குரல்கள் கேட்பவர்களிடத்தில், வலக்காதின் இந்த முதன்மை குன்றிவிடுவதை நார்வே நாட்டு பெர்கன் நகரத்துக் கென்னத் ஹூக்டாலும் பிறரும் எடுத்துக்காட்டியுள்ளனர். வெளியிலிருந்து வரும் ஒலியைப் பெற்றுக்கொள்ள வேண்டிய இடத்தை உள்ளிருந்து எழும் குரல் முன்பே பற்றிக்கொண்டிருக்கிறது என்பது இதற்கு அவர்கள் கூறும் விளக்கம். நெதர்லாந்தின் ஐரிஸ் சோமரும் அவருடைய குழுவினரும் 24 நோயாளிகளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, குரல் கேட்கும் கணங்களில் மூளையின் எப்பகுதி இயங்குகிறது என்று கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாகப் பேசுவதற்கு இடப்பாகத்தையே பயன்படுத்தும் அதே மனிதர்கள், குரல் கேட்கும் வேளையில் அதற்கு நேரெதிரான வலப்பாகத்துப் பகுதியையே மிகுதியாக இயக்குவது தெரியவந்தது. பக்கவாதத்தால் இடப்பாகம் பழுதுபட்டுப் பேச்சிழந்தவர்களும் வசைச்சொற்களை மட்டும் தடையின்றிச் சொல்லிவிடுவதுண்டு. வலப்பாகத்தின் வாக்கு அத்தகையது. குறுகியது, உணர்ச்சி மிகுந்தது, ஒன்றையே திருப்பிச் சொல்வது. நோயாளிகள் கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை சிறுசிறு வசைகளாகவும் கட்டளைகளாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். குரல்களைத் தணிக்கும் பொருட்டு, இடக்காதுக்கு மேற்பட்ட பகுதியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி நம் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் நடைபெற்றிருக்கிறது.

நாம் பேசும்போதும், வாய் திறவாது நமக்குள் எண்ணும்போதும், ‘இது உன்னுடையதே’ என்று மூளையின் பேச்சுப் பகுதி கேட்கும் பகுதிக்கு முன்கூட்டி அறிவிப்பதாகவும், அவ்வறிவிப்பு குலைந்துபோனால் தன் எண்ணமே அந்நியன் குரலாகக் காதில் விழுவதாகவும் மற்றொரு விளக்கம் உண்டு. எந்த விளக்கம் இறுதியில் வென்றாலும், ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது: அந்த இளைஞன் பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை. உங்கள் குரலையும் என் குரலையும் கேட்கும் அதே இயந்திரத்தால்தான் அவன் அந்தக் குரலையும் கேட்கிறான். ஆகவே ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று அவனுக்கு உபதேசிப்பது நியாயமாகாது.

இவ்வளவையும் சொன்னபின், இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுகூடி, 5,080 நோயாளிகளின் மூளைப் படங்களையும் 6,015 ஆரோக்கியமானவர்களின் மூளைப் படங்களையும் ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வு, இட வல அமைப்பில் சில இடங்களில் வேற்றுமை இருப்பதை உறுதி செய்தது; அவ்வேற்றுமை மிகச் சிறியது என்பதையும் அதே ஆய்வு உறுதி செய்தது. இரண்டு பள்ளிக்கூடங்களின் மாணவர்களை நிறுத்தி உயரம் அளந்தால், ஒன்றன் சராசரி மற்றொன்றைவிட ஒரு நகக்கண் அளவு குறைவாக இருக்கலாம். அதைக் கொண்டு, தெருவில் போகும் ஒரு பையனின் உயரத்தைப் பார்த்து அவன் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் என்று எவராலும் சொல்லிவிட முடியுமா? மூளைப் படத்தின் நிலையும் அத்தகையதே. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரியும் வேற்றுமை ஒரு மனிதனிடத்தில் தெரிவதில்லை. மூளையில் கட்டியோ வேறு வியாதியோ இல்லையென்று தெளிவதற்காக வைத்தியர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ‘ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆகவே நோய் இல்லை’ என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்துவதும், நோயின் வேரைப் படத்தில் கண்டுவிடலாம் என்று கடன் வாங்கி ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுப்பதும் ஒரே அறியாமையின் இரு விளைவுகள். நோயைத் தீர்மானிப்பது, நோயாளியோடும் வீட்டாரோடும் அமர்ந்து பொறுமையாகப் பேசி அறியும் வைத்தியருடைய விவேகமே. இடமூளை கணக்குப் போடும், வலமூளை கவிதை எழுதும் என்று கூறி, குழந்தைகளின் ஒரு பக்கத்து மூளையை மட்டும் விழிப்பூட்டித் தருவதாகக் கட்டணம் வசூலிக்கும் வகுப்புகளுக்கும் இந்த ஆராய்ச்சிகளில் யாதொரு ஆதாரமும் இல்லை என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நலம்.

குரல் பிறப்பது மூளையிலேயானாலும், அது என்ன பேசுகிறது என்பதில் ஊருக்கும் உறவுக்கும் பங்கு உண்டு என்பதைச் சென்னையிலேயே கண்டறிந்திருக்கிறார்கள் என்பது நமக்கு விசேஷமான செய்தி. அமெரிக்க மானிடவியல் அறிஞர் தான்யா லூர்மனும், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்து வைத்தியர் ஆர். பத்மாவதியும் பிறரும் சேர்ந்து, கலிபோர்னியாவின் சான் மாட்டியோவிலும், கானா நாட்டு அக்ராவிலும், சென்னையிலும் இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்கும் நோயாளிகளைக் கண்டு பேசினார்கள். அமெரிக்க நோயாளிகளுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகமறியாத குரல்கள். அடி, கொல், சித்திரவதை செய் என்று யுத்த பாஷை பேசியவை. அக்ராவில் பலருக்குக் கேட்டது கடவுளின் குரல். சென்னையிலோ, பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டது உற்றார் உறவினரின் குரலை: தாயும் தகப்பனும் மாமியாரும் நாத்தியும், குளி, சமையலைக் கவனி, வீட்டைச் சுத்தம் செய் என்று சொல்வதும், சில வேளை திட்டுவதும், சில வேளை பரிவோடு வழிகாட்டுவதுமாக இருந்தனராம். மூளையின் கோளாறு ஒன்றேயாயினும், அது வாழும் வீட்டின் வார்த்தைகளையே எடுத்து உடுத்திக்கொள்கிறது. வீட்டில் நாம் என்ன பேசுகிறோம், எப்படிப் பேசுகிறோம் என்பது நோயாளிக்கு இரண்டு மடங்கு முக்கியமாகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

வீடு என்றதும் கோயிலும் தர்காவும் உடன் வந்து நிற்கும். நம் பக்கத்தில், மனம் பேதலித்தவர்களைச் சோளிங்கருக்கு அழைத்துப்போய், பிரம்ம தீர்த்தத்தில் நீராட்டி, மலைமேல் வீற்றிருக்கும் யோக நரசிம்மரையும் யோக ஆஞ்சநேயரையும் வேண்டிக்கொண்டு தங்குவது நெடுங்காலப் பழக்கம். காவிரிக்கரைக் குணசீலத்துக்கும் அவ்வாறே செல்வார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். வேறெங்கும் மரியாதை கிடைக்காத மனிதனுக்கு அங்கே ஒரு நிழலும் ஒரு பிடி பிரசாதமும் கிடைத்தன; வீட்டாரின் துயரத்துக்குச் செவிசாய்க்க அங்கே ஒரு தெய்வம் இருந்தது. ஆனால் பிரார்த்தனை செய்யும் காலத்திலேயே மருந்தும் நடக்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வைத்துக்கொண்டால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நோயை ஆழப்படுத்துகிறது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமடைவது கடினமாகிறது என்பது இத்துறையில் பலமுறை நிரூபணமான உண்மை. பக்தியின் பெயரால் சங்கிலியிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி தர்கா ஊரான ஏர்வாடியில், கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றித் தீக்கிரையானபோது நாடே கண்டது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று விதித்திருக்கிறது.

குணமடைதல் கூடுமா என்று ஏங்கும் பெற்றோருக்குச் சொல்லத்தக்க நற்செய்தியும் இம்மண்ணிலிருந்தே பிறந்ததுதான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கி நடத்திய டாக்டர் சாரதா மேனன், மருத்துவமனையின் மதிலுக்குள்ளே அடைத்து வைப்பதோடு வைத்தியம் முடிந்துவிடக் கூடாது என்ற உறுதியோடு, ஓய்வு பெற்ற பின்னர் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதற்கு முன்பே சென்னையில் முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரைத் தேர்ந்து, அவர்களுடைய வாழ்க்கையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சியொன்று தொடங்கியிருந்தது. டாக்டர் தாராவும் அவருடைய சகாக்களும் அதைப் பல தசாப்தங்கள் விடாது நடத்தினார்கள். பத்தாண்டுகள் கழித்துத் தேடிக் கண்டவர்களில் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்து நல்ல நிலையில் இருந்தனர். வேலைக்குப் போனவர்களும் குடும்பம் நடத்தியவர்களும் அவர்களுள் பலர். அகாலத்தில் மாண்டவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் பிற்காலத்தில் அவர்களிடையே இருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. கைவிடாது கவனிக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் நெருங்கிச் சொல்லுமிடத்து, நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டமே உலக வைத்திய வரலாற்றில் ஓர் ஏட்டைப் பெற்றிருக்கிறது. கோவாவிலும், மகாராஷ்டிரத்துச் சதாராவிலும், தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலும், மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அச்சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் ஒருவர் வீடு தேடி வந்து, நோயைப் பற்றி விளக்கி, மருந்தைத் தவறாது உட்கொள்ளச் செய்து, அரசு உதவிகளுக்கு வழிகாட்டி, வேலைக்குத் திரும்ப ஊக்கமளித்தார். அந்த ஊழியர்கள் டாக்டர்கள் அல்லர். பள்ளிப்படிப்பு முடித்துச் சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். ஓராண்டின் முடிவில், வீடு தேடிவந்த கவனிப்பைப் பெற்றவர்களின் அறிகுறிகளும் இயலாமையும் மற்றவர்களைவிட ஓரளவு கூடுதலாகத் தணிந்திருந்தன. ஓரளவுதான், அற்புதம் நிகழ்ந்துவிடவில்லை. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்த ஓரளவே, வீட்டின் மூலையில் முடங்கிக் கிடப்பதற்கும் வெளியே வந்து நாலு பேரோடு பேசுவதற்கும் இடைப்பட்ட தூரமாகும்.

ஆகவே நான் வற்புறுத்த விரும்புவது இது: நோயாளியின் மூளையில் இடப்பாகத்துக்கும் வலப்பாகத்துக்கும் உள்ள வேற்றுமை நுண்ணியது, அதை மாற்றும் சக்தி நமக்கு இன்னும் கிட்டவில்லை. முதல் குரல் கேட்ட நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே உள்ள காலமோ பெரியது. அதைச் சுருக்கும் சக்தி நம் கையிலேயே இருக்கிறது. அதைச் சுருக்காதிருப்பதற்கு இந்தச் சாலையில் வாழும் எவருக்கும் சமாதானம் இல்லை.

செய்ய வேண்டியவை கற்பனைக்கு எட்டாதவை அல்ல. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீட்டுக்கு வீடு வருகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் நிரூபணமான முறையை அதே ஊழியரிடம், அதே பையில், அரசாங்கம் ஒப்படைக்க வேண்டும். மாத்திரை விழுங்க மறுப்போருக்கு மாதத்துக்கொரு முறை போட்டுக்கொள்ளத்தக்க நீடித்த பயன் தரும் ஊசிகள், காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ ஒரு நாள் கூலியை இழந்து அலையாதபடி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே என்றும் கையிருப்பில் இருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் வைத்தியர், ஷிஃப்டு முடியும் நேரத்தை அறிந்து, அந்நேரத்தில் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வாலாஜாபாத்திலும் அமர்வதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி வேலைக்காரனுக்கு ஆஸ்பத்திரி ஆகாது.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. தீயணைப்புக்கும் முதலுதவிக்கும் பயிற்சி கொடுப்பதைப் போலவே, ஹாஸ்டல் வார்டன்களுக்கும் லைன் லீடர்களுக்கும் இந்நோயின் முதல் அறிகுறிகளை அறியப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களென்று வகுக்கப்பட்ட 34 நோய்களின் பட்டியலில் ஸ்கிசோஃப்ரீனியாவும் இடம்பெற்றிருக்கிறது என்பதும், தகுதியுள்ள தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம் ஈராண்டு வரை பெற வழியுண்டு என்பதும், நோய்ப்படி பெறும் காலத்தில் ஒருவரை வேலையினின்றும் நீக்கலாகாதென்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்ட நெறி என்பதும் எத்தனை தொழிலாளிகளுக்குத் தெரியும்? தெரிந்தாலும், அந்த நீண்டகால உதவியைப் பெறுவதற்கு ஈராண்டுத் தொடர் பணி வேண்டும் என்பது விதி. சில மாதங்களுக்கொருமுறை காண்ட்ராக்ட் மாறும் இளைஞனுக்கு அந்த விதியே மதிலாக நிற்கிறது. நோய் வரும் வயதுக்காரர்களைக் காண்ட்ராக்டில் வைத்து வேலை வாங்கும் தொழில் வளாகங்களில் இவ்விதியைத் தளர்த்துமாறு தொழிற்சங்கங்களும் நம் பிரதிநிதிகளும் கோர வேண்டும். சிகிச்சை பெற்றுத் தேறியவனை, வைத்தியரின் யோசனைப்படி நைட் ஷிஃப்டு தவிர்த்து, அவனால் இயன்ற வேலையில் மீண்டும் அமர்த்துவது தர்மம் மட்டுமன்று. பயின்ற தொழிலாளியை இழக்காத புத்திசாலித்தனமும் ஆகும்.

குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. பிள்ளை தூக்கமிழந்து, தனித்து ஒதுங்கி, யாரோ பேசுவதாகவும் யாரோ சதி செய்வதாகவும் சொன்னால், அவனோடு வாதாடாதீர்கள், அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி, உண்மையை மறைத்து மற்றொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் பணயம் வைக்காதீர்கள். சற்றுத் தேறியவுடன் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்புவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அதுவே.

இந்தச் சாலையின் செழிப்பைக் கணக்கிடுவோர், வருஷத்துக்கு எத்தனை லட்சம் கார்கள் ஏற்றுமதியாயின என்றும் எத்தனை கோடி முதலீடு வந்தது என்றும் கணக்கிடுகிறார்கள். இங்கே வேலைக்கு வந்த வயதில் நோயுற்றவர்களில் எத்தனை பேர் தக்க காலத்தில் மருந்து பெற்றுத் தேறி, மீண்டும் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டார்கள் என்னும் கணக்கும் ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும். அக்கணக்கை எழுத மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளும் முன்வருமானால், இந்நோயைக் குணப்படுத்துவதில் நம் நாட்டுக்கு ஏற்கெனவே உள்ள அறிவுக்கும், அந்த அறிவு எட்டாத வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் அதைக் கடக்காதிருக்க எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது.